எண்மணிக் கஞ்சி



உணவுகளுள் மிக எளியது யாது என வினவினால், கஞ்சி என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். நோயாளிக்கும் குழந்தைக்கும் பல்லிழந்த முதியோருக்கும் உரியது அது. வறியவர் வீட்டு அடுப்பிற் கொதிப்பதும் அது. விருந்தினரை அழைத்து இலை விரித்துக் கஞ்சி வார்ப்பாரை நாம் கண்டதில்லை. ஆயின், ஆண்டில் ஒரு நாளைக் கஞ்சிக்கென்றே ஒதுக்கி, அதனைத் தெய்வத்துக்குப் படைத்து, உற்றார்க்கும் அயலார்க்கும் கிண்ணங்களில் அனுப்பி மகிழும் மக்களும் உளர். அவர்களே சீனர். அந்நாளிற் காய்ச்சப்படுவது லாபாக் கஞ்சி. அதே கஞ்சியைப் பிற நாள்களிற் காய்ச்சும்போது ‘பாபாவ் சௌ’ என்பர். ‘பா’ என்றால் எட்டு; ‘பாவ்’ என்றால் அரும்பொருள்; ‘சௌ’ என்பது கஞ்சி. மணி என்னுஞ் சொல் நம் மொழியில் இரத்தினத்தையும் தானியத்தையும் ஒருங்கே குறிப்பதால், எண்மணிக் கஞ்சி என நாம் இதனை அழைத்தல் பொருத்தமாகும். இக்கஞ்சியின் வரலாற்றையும், அதனைக் காய்ச்சும் முறையையும், அதிற் சேரும் பொருள்களின் தன்மையையும் இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில் லாபா என்னும் பெயரை நோக்குவோம். ‘லா’ என்பது பண்டைச் சீனர் ஆண்டிறுதியில் முன்னோர்க்கும் தெய்வங்கட்கும் படையலிட்டு நிகழ்த்திய வழிபாட்டின் பெயர். அதனால் அவர்களுடைய சந்திர மாதங்களுட் பன்னிரண்டாவது, லா மாதம் எனப் பெயர் பெற்றது. ஆகவே லாபா என்பது ஆண்டின் கடை மாதத்து எட்டாம் நாள். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சோங் லின் என்பார், தம் நாட்டு ஆண்டு வழக்கங்களைத் தொகுத்தெழுதிய நூலில் இந்நாளையே லா நாளாகக் குறித்துள்ளார். நாம் வழங்கும் நாட்காட்டிப்படி இது பெரும்பாலும் சனவரி மாதத்திலும், ஒரோவழி திசம்பர் இறுதியிலும் வரும். அக்காலத்தில் வடசீனத்து நீர்நிலைகள் உறைந்து கிடக்கும். வயலில் வேலை இராது. அறுவடை முடிந்து திங்கள் சில கழிந்திருக்கும். அடுத்த விளைவுக்கோ நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

நமது தைப்பொங்கலும் ஏறத்தாழ இப்பருவத்திலேயே வருகின்றது. எனினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பொங்கற் பானையில் நாம் இடுவது புதுநெல்லின் அரிசி. லாபாக் கஞ்சியில் இடுவதோ, வீட்டிற் சேமித்து வைத்த பலவகைத் தானியங்களிலும் பயறுகளிலும் உலர்ந்த பழங்களிலும் ஒவ்வொரு பிடி. முன்னையது முதற்பலனின் விழா. பின்னையது எஞ்சியிருப்பதன் விழா. இக்கருத்தை மனத்திற் கொண்டால் இக்கஞ்சியைப் பற்றிய செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

பௌத்த சமயம் சீனத்திற் பரவிய பின்னர் இந்நாளுக்குப் புதியதொரு சிறப்பு வந்து சேர்ந்தது. புத்தர் பெருமான் ஞானம் பெற்ற நாளை நம் நாட்டுப் பௌத்தர் வெசாக் பூரணையிற் கொண்டாடுவதை நேயர்கள் அறிவர். சீன பௌத்தரோ அதனைக் கடை மாதத்து எட்டாம் நாளாகக் கொண்டனர். கடுந்தவத்தால் எலும்புந் தோலுமாய் மெலிந்த சித்தார்த்தருக்குச் சுஜாதை என்னும் மங்கை பாற்சோறு அளித்தாள் என்பதும், அதனை உண்டு வலிமை பெற்ற பின்னரே அவர் போதிமரத்தடியில் அமர்ந்தார் என்பதும் பௌத்த மரபு. அந்தப் பாற்சோற்றின் நினைவாகவே சீனத் துறவிகள் இந்நாளிற் கஞ்சி காய்ச்சினர் என்பர். உடலை வாட்டுவதால் மாத்திரம் ஞானங் கிட்டாது. பசித்தவனுக்கு முதலில் வேண்டுவது உணவு. இவ்வுண்மையை ஆண்டுதோறும் நினைவூட்டும் கஞ்சியாக அது அமைந்தது.

இவ்வழக்கத்துக்கு எழுத்திற் கிடைக்கும் நல்ல சான்றொன்று சோங் அரசர் காலத்தது. அவ்வரசின் தலைநகராய் விளங்கிய காய்ஃபெங், 1127ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து படையெடுத்து வந்தோர் கைப்பட்டது. நகரத்தை இழந்து தெற்கே சென்றவர்களுள் ஒருவர் மெங் யுவான்லாவோ. தாம் வாழ்ந்த நகரின் தெருக்களையும் கடைகளையும் விழாக்களையும் நினைவிலிருந்து மீட்டு அவர் ஒரு நூல் எழுதினார்; அதன் முன்னுரை 1147ஆம் ஆண்டுக்குரியது. கடை மாதத்து எட்டாம் நாளில் அந்நகரப் பெருங்கோயில்கள் ‘ஏழ்மணி ஐஞ்சுவைக் கஞ்சி’ காய்ச்சித் தம் அடியார்க்கு அனுப்பின என்றும், அதற்கு லாபாக் கஞ்சி எனப் பெயர் என்றும், வீடுகளிலும் மக்கள் பழமும் பருப்பும் கலந்து கஞ்சி காய்ச்சினர் என்றும் அந்நூல் கூறுகின்றது. நாடிழந்து நலிந்த ஒருவர், இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் மறவாது குறித்து வைத்தவற்றுள் இக்கஞ்சியும் ஒன்று என்பது கருதத்தக்கது. அன்று ஏழாயிருந்த மணிகள் பின்னர் எட்டாயின. எட்டு, சீனர்க்கு மங்கல எண். ஆயினும் அடுப்படியில் எண்ணிப் பார்ப்பார் எவருமிலர்; பத்தும் பதினைந்தும் இடுவோரும் உளர்.

இக்கஞ்சி தோன்றியவாற்றைக் கூறும் நாட்டுக்கதைகளும் பல. மிங் அரச மரபை 1368ஆம் ஆண்டில் நிறுவிய சூ யுவான்சாங் மிக வறிய குடியிற் பிறந்தவர் என்பது வரலாறு. அவர் சிறுவராய்ப் பிறரிடம் வேலை செய்த காலத்தில், பசியால் வாடி ஓர் எலிவளையைத் தோண்டினாராம். எலி சேர்த்து வைத்திருந்த அரிசியும் பயறும் தினையும் அதில் இருந்தனவாம். அவற்றை ஒன்றாய்க் காய்ச்சி உண்டு உயிர் தரித்தவர், அரசரான பின்னர் அச்சுவையை நினைந்து அதேபோற் கஞ்சி காய்ச்சப் பணித்தார் என்பது ஒரு கதை. பெற்றோர் தேடி வைத்ததை உழைப்பின்றி உண்டு தீர்த்த இளந்தம்பதியர் இருவர், கடை மாதக் குளிரில் களஞ்சியத்தின் மூலை முடுக்குகளைக் கூட்டியெடுத்த மணிகளைக் காய்ச்சிக் குடித்தனர் என்பது மற்றொரு கதை. சோம்பலின் முடிவைப் பிள்ளைகட்கு உணர்த்தப் பெற்றோர் இதனைச் சொல்வர். இவற்றை வரலாறெனக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் இரு கதைகளும் சுட்டுவது ஒன்றே: சிந்திய மணியும் உயிர் காக்கும்.

மஞ்சு அரசர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் பெய்ஜிங் நகரில் இது எவ்வாறு காய்ச்சப்பட்டது என்பதை, 1906ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் ஃபுச்சா துன்சொங் என்பவர் விளக்கியுள்ளார். பனிவரகு, வெள்ளரிசி, பசையரிசி, தினை, சிவப்புப் பயறு, தோல் நீக்கிய இலந்தைப்பழக் களி முதலியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சுவர். பின்னர்ச் செந்நிறமூட்டிய பருப்புகள், நிலக்கடலை, பைன்மரத்து விதை, சீனி, உலர்ந்த திராட்சை ஆகியவற்றை மேலே இட்டு அழகு செய்வர். ஏழாம் நாளே பழங்களின் தோலுரித்துப் பாத்திரங்களைக் கழுவி, இரவு முழுதும் காய்ச்சுவர். விடியற்காலையிற் கஞ்சி பதமாகிவிடும். முன்னோர்க்கும் புத்தருக்கும் படைத்த பின்னர் உறவினர்க்கும் நண்பர்க்கும் அனுப்புவர். அவ்வாறு அனுப்புவது நண்பகலைக் கடத்தலாகாது என்பது விதி. இலந்தைப்பழத்தையும் பருப்பையுங் கொண்டு சிங்கவுருவும் குழந்தையுருவும் அமைத்துக் கஞ்சியின்மீது வைத்துத் தம் கைத்திறனைக் காட்டிய பெண்களும் இருந்தனர். அந்நகரின் யொங்ஹெகொங் என்னும் பௌத்த மடத்தில், பல மூடை அரிசி கொள்ளத்தக்க பெருங்கொப்பரையில் இரவிற் கஞ்சி காய்ச்சப்பட்டது. அதனை மேற்பார்வை செய்ய அரசரே அமைச்சர் ஒருவரை அனுப்பி வைத்தார்.

அரண்மனையின் கஞ்சியைக் கூறுமிடத்து ஏழைகளின் கஞ்சியை மறத்தல் ஆகாது. குளிர்காலத்தில் வறியோர்க்கு உணவளிக்கக் கஞ்சிச் சாலைகள் பல அக்காலப் பெய்ஜிங்கில் அரசினராலும் அறவோராலும் நடத்தப்பட்டன. கஞ்சி வார்ப்பதில் ஒரு வஞ்சகமும் எளிது: நீரைக் கூட்டி அரிசியைக் குறைத்துவிடலாம். ஆதலின், உண்ணும் குச்சியைக் கஞ்சியில் நட்டால் அது சாயாது நிற்க வேண்டும் என்று ஓர் அளவு வழங்கிற்று. கஞ்சியின் செறிவே வார்ப்பவர் நேர்மையின் அளவு என்பது இதன் கருத்து. பிறர்க்கு அளிக்குங் கஞ்சி நீர்த்திருத்தலாகாது என்னும் உணர்வு லாபாக் கஞ்சியிலும் உண்டு; அது கூழென்று சொல்லத்தக்க செறிவோடுதான் காய்ச்சப்படும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எழுதுகோலும் தாளும் அருகில் உள்ள நேயர்கள் அளவுகளைக் குறித்துக்கொள்ளலாம். எண்மர்க்குப் போதுமான கஞ்சிக்கு வேண்டுவன வருமாறு: பசையரிசி 100 கிராம், தவிடு நீக்காத கறுப்பரிசி 50 கிராம், தினை 50 கிராம், சிறு சிவப்புப் பயறு 50 கிராம், தாமரை விதை 30 கிராம், நிலக்கடலை 30 கிராம், சீனர் ‘இயீமி’ எனப்படுத்தும் மணி 30 கிராம், உலர்ந்த செவ்விலந்தைப்பழம் பத்து. மேலும் உலர்ந்த திராட்சை ஒரு பிடியும், கற்கண்டு 60 கிராமும், நீர் 3 லீற்றரும் தேவை.

இவற்றுட் சிலவற்றை அறிமுகஞ் செய்தல் நன்று. பசையரிசி என்பது, வெந்தபின் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அரிசி. கஞ்சிக்குக் குழைவைத் தருவது இதுவே. தினை, வள்ளி காத்த தினைப்புனத்தை அறிந்த நமக்குப் புதிதன்று. வடசீனத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிராகி வரும் பழந்தானியம் அது. இயீமி என்பது வெண்ணிறமாய், ஒருபுறம் பள்ளமான கோடுடையதாய், அரிசியினும் பருத்த ஒரு புல்வகைத் தானியம். செவ்விலந்தை நம் இலந்தைக்கு இனமானது. ஆயின் பெரியது, இனிப்பு மிக்கது. சிவப்புப் பயறு கிடையாதவிடத்துச் சிவப்புக் கௌபியையும், கறுப்பரிசி கிடையாதவிடத்துத் தவிடு நீக்காத சிவப்புப் பச்சையரிசியையும் பயன்படுத்தலாம். எஞ்சியிருப்பதைக் கொண்டு காய்ச்சுவதே இக்கஞ்சியின் இயல்பாதலின், ஒன்றிரண்டு பொருள் குறைவதாற் பழுதில்லை.

கஞ்சி காய்ச்சுவதன் நுட்பம் முழுவதும் ஒரு விதியில் அடங்கும்: ஒவ்வொரு மணிக்கும் அதற்குரிய நேரத்தை அளித்தல் வேண்டும். யாவற்றையும் ஒருங்கே பானையிற் கொட்டினால் தினை கரைந்து போகும். பயறோ கல்லாய்க் கிடக்கும். ஆதலின் முதல்நாள் இரவே சிவப்புப் பயறு, கறுப்பரிசி, இயீமி, நிலக்கடலை ஆகியவற்றைக் கழுவித் தனித்தனியே ஊறவைத்தல் வேண்டும். கறுப்பரிசி ஊறிய நீரைக் கொட்டாது வைத்துக்கொள்க. ஊதா நிறம் அந்நீரிலேயே இறங்கியிருக்கும். தாமரை விதையை ஊறவைத்துப் பிளந்து, நடுவிலுள்ள பச்சை முளையை நீக்குதல் வேண்டும்; அது மிகக் கசக்கும். பசையரிசி இரண்டு மணிநேரம் ஊறினாற் போதும். தினையைக் கழுவினாலே அமையும்.

மறுநாட் காலையில் அடி கனத்த பெரிய பானையில் நீரைக் கொதிக்கவைத்து, முதலிற் பயறையும் இயீமியையும் நிலக்கடலையையும் தாமரை விதையையும் இட்டு, மெல்லிய தீயில் முக்கால் மணிநேரம் வேகவிடுக. பயற்றின் தோல் வெடிக்கத் தொடங்கியதும் கறுப்பரிசியையும் அது ஊறிய நீரையும் பசையரிசியையும் சேர்க்க. அரை மணிநேரம் கழிந்த பின்னர்த் தினையையும், கொட்டை நீக்கிய இலந்தைப்பழத்தையும் இட்டு, மேலும் அரை மணிநேரம் காய்ச்சுக. இக்கட்டத்தில் அடுப்பைவிட்டு அகலலாகாது. பசையரிசி பானையின் அடியைப் பற்றிக்கொள்ளும். மர அகப்பையால் அடி தொட்டு அடிக்கடி துழாவுதல் வேண்டும். நீர் குறைந்தாற் கொதிநீரையே வார்க்க. தண்ணீர் வார்த்தால் கொதி அடங்கி வேகும் நேரம் நீளும். இறுதியில் திராட்சையையும் கற்கண்டையும் இட்டுக் கரைந்ததும் இறக்கி, மூடிக் கால் மணிநேரம் வைத்திருந்து பரிமாறுக.

இம்முறையில் இனிப்பை இறுதியில் இடுவதற்குத் தக்க காரணம் உண்டு. சீனி கலந்த நீரிற் பயறு எளிதில் மெத்தென ஆகாது. இனிப்பை முன்னரே இட்டவர், விறகையும் பொறுமையையும் ஒருங்கே இழப்பர். கஞ்சி குழைவதற்கும் விளக்கம் உண்டு. அரிசி மாப்பொருளில் இருவகைக் கூறுகள் உள. அவற்றுட் கிளைத்த அமைப்புடைய கூறே பசையரிசியில் ஏறத்தாழ முழுவதும் நிறைந்துள்ளது. வெப்பமேறும்போது மாவுத்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துடைந்து, இக்கூறு நீரிற் பரவுகின்றது. அதனாலேயே பாலோ கொழுப்போ சேர்க்காமலும் கஞ்சி வழவழப்பாகின்றது.

உடலுக்கு இதனால் விளையும் நன்மை யாது? தானியங்களின் புரதத்தில் லைசீன் என்னுங் கூறு குறைவு. பயறுகளில் அது மிகுதி. பயறுகளிற் குறைந்த மெதியோனைன் தானியங்களில் உண்டு. இரண்டையும் சேர்த்துண்ணும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது. தவிடு நீக்காத தானியங்களிலிருந்து நாரும், பி வகை உயிர்ச்சத்துகளும், தாதுக்களும் கிடைக்கின்றன. கொட்டைகளும் பருப்புகளும் நல்ல கொழுப்பைத் தருகின்றன. இக்கலவையின் சிறப்பை ஆய்வுக்கூடங்கள் தோன்றுமுன்னரே மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

சீன வைத்திய மரபு இதனை வேறு மொழியிற் கூறும். நம் பெரியோர் உணவைச் சூடு, குளிர்ச்சி எனப் பகுத்தது போலவே அவர்களும் பகுத்தனர். இலந்தைப்பழம் இரத்தத்தை வளர்க்கும் என்றும், தாமரை விதை மனத்தை அமைதிப்படுத்தித் துயில் தரும் என்றும், இயீமி உடலில் தங்கிய ஈரத்தைப் போக்கும் என்றும் அவர்கள் கருதினர். கருவுற்ற பெண்கள் இயீமியை விலக்குதல் அவர்தம் வழக்கம். இவை மரபுவழிக் கருத்துகள். நோய்க்கு மருந்தாக இக்கஞ்சியைக் கொள்ளுதல் தவறு. இது நல்ல உணவு, அவ்வளவே.

எச்சரிக்கைகள் சிலவும் உண்டு. குழையக் காய்ச்சிய மாப்பொருள் விரைவிற் செரித்து இரத்தத்திற் சருக்கரையை ஏற்றும். ஆதலின் நீரிழிவுடையோர் இதனைச் சத்துணவென்று எண்ணி அளவின்றி அருந்துதல் ஆகாது. சிவப்புப் பயற்றுக்குப் பதிலாகப் பெரிய சிவப்பு அவரை விதையை இடுவோர், அதனை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரிற் குறைந்தது பத்து நிமிடமாயினும் தளதளவெனக் கொதிக்கவைத்த பின்னரே சேர்த்தல் வேண்டும். அரைவேக்காட்டில் அது வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். சிறு குழந்தைகட்கு நிலக்கடலையை முழுதாய்க் கொடுத்தலும் தீது, மூச்சுக்குழலிற் சிக்கக்கூடும்.

இக்காலத்தில் எண்மணிக் கஞ்சி தகரப் பேணிகளில் அடைத்தும் விற்கப்படுகின்றது. புகைவண்டிப் பயணிகள் அதனை வாங்கி உண்பர். ஆயினும் லாபா நாளிற் கோயில்களில் வார்க்கும் வழக்கம் அற்றுவிடவில்லை. ஹாங்சௌ நகரின் லிங்யின் கோயில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர்க்கு இக்கஞ்சியை வழங்கி வருகின்றது.

வீடுகளில் இக்கஞ்சி நினைவின் உணவாகவும் விளங்குகின்றது. 1900ஆம் ஆண்டிற் பிறந்து 1999ஆம் ஆண்டில் மறைந்த பிங்சின் என்னும் பெண் எழுத்தாளர், தம் முதுமையில் இதனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்தம் தாயார், இந்நாளில் மறைந்த தம் அன்னையின் நினைவாக ஆண்டுதோறும் கஞ்சி காய்ச்சினாராம். பின்னர் அத்தாயாரும் லாபா நாளிலேயே மறைய, மகளும் தம் அன்னைக்காகக் காய்ச்சினார். சீனத்தின் பிரதமராயிருந்த சௌ என்லாய் மறைந்த 1976ஆம் ஆண்டு சனவரி 8ஆம் திகதியும் சந்திர நாட்காட்டிப்படி லாபா நாளே. அதனால் அவ்வீட்டு இளையோர் அவரை நினைந்தும் கஞ்சி காய்ச்சத் தலைப்பட்டனர். தலைமுறை மாறினும் பானை மாறவில்லை.

லாபாக் கஞ்சியை அன்றே முடித்துவிடாது, சிறிது மீத்து வைத்து அடுத்த நாள்களிலும் உண்பது மங்கலம் என்பர் சீனர். ஆண்டு முடியும்போது வீட்டில் உணவு எஞ்சியிருக்கின்றது என்பதன் அறிகுறி அது. பஞ்சத்தையும் பசியையும் பலகாலும் கண்ட ஒரு மக்கட்கு, எஞ்சியிருத்தல் என்பதினும் பெரிய செல்வம் வேறு இல்லை. எலிவளையின் மணியும் களஞ்சிய மூலையின் மணியும் அரும்பொருள் எனப் பெயர் பெற்றது இதனாலேயே. அந்த அரும்பொருளையும் தாமே உண்டு முடிக்காது, நண்பகலுக்கு முன்னர் அயலார் வீட்டுக்கு ஒரு கிண்ணம் அனுப்புதல் வேண்டும் என்று விதித்தார்களே, அவ்விதியே இக்கஞ்சிக்கு உரிய தலையாய சுவை எனலாம்.